எல்லா வரிசையிலும் -17.78 ஏன் வருகிறது? விரிதாளில் வெப்பநிலை மாற்றும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

சிங்கப்பூரில் வானிலை அறிக்கை தொடங்கி மருந்தகத்தில் விற்கும் தெர்மாமீட்டர் வரை எல்லாமே செல்சியஸ்தான். ஆனாலும் ஃபாரன்ஹீட் நம்மை விட்டபாடில்லை. நான் வேலை பார்க்கும் சமையற்கூடத்தில் அமெரிக்காவில் செய்த ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பு ஃபாரன்ஹீட்டில்தான் காட்டும். வீட்டிலோ, தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் "நூத்தி ஒண்ணு" என்று சொன்னால்தான் புரியும். 38.3 என்றால், "அப்ப ஒண்ணும் இல்லையே" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

இரண்டு இடத்துக்கும் விரிதாளில் பதிவு வைத்திருக்கிறேன். மாற்றும் கணக்கு ஒரே வரிதான்: 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும். அந்த ஒரு வரியில் எத்தனை விதமாகத் தவறு வரும் என்பது பதிவு வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. திரையில் என்ன தெரிகிறதோ அதை வைத்துத் தேடும்படி கீழே எழுதியிருக்கிறேன். சிவப்பாக ஒரு பிழைச் செய்தி வந்தால் பரவாயில்லை, உடனே கண்ணில் படும். நம்பும்படியான எண்ணாக வரும் பிழைதான் ஆபத்து. அதனால் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு: ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஏ2, பி2, இஃப், ரவுண்ட் என்று வருவதையெல்லாம் கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எக்செல், கூகல் ஷீட்ஸ் இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் இதைச் செய்யுங்கள்

தாளின் மேலே நாலு சோதனை வரிசை போடுங்கள். ஃபாரன்ஹீட்டில் 32, 98.6, 212, -40. செல்சியஸில் முறையே 0, 37, 100, -40 வர வேண்டும். -40 மட்டும் சரியாக வந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு அளவுகளும் சந்திக்கும் இடம் அது. ஃபார்முலாவைத் தலைகீழாகப் போட்டாலும் -40 சரியாகத்தான் வரும்.

98.6-க்கு 37 என்பதை நம் ஊர்க்காரர்கள் மறக்கவே வேண்டாம். சிங்கப்பூரில் பதிவான உச்ச வெப்பநிலையும் அதே 37.0 தான்: 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவில், பிறகு 2023 மே 13 அன்று அங் மோ கியோவில். ஆகவே வெளிவெப்பப் பதிவில் 37-க்கு மேல் ஒரு எண்ணைப் பார்த்தால் முதலில் ஃபார்முலாவைச் சந்தேகியுங்கள்.

98.6 போட்டால் 80.82 வருகிறது

அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது. =ஏ2-32*5/9 என்று எழுதினால் கணினி பெருக்கலையும் வகுத்தலையும் முதலில் முடித்துவிடும். 32*5/9 என்பது 17.78. அதை 98.6-லிருந்து கழித்தால் 80.82. சரியான வடிவம்: =(ஏ2-32)*5/9

5/9-க்குப் பதிலாக 0.56 என்று போடும் பழக்கமும் பலரிடம் இருக்கிறது. அடுப்புக்குச் சொல்லும் 350 டிகிரியை அப்படி மாற்றினால் 178.08 வரும், உண்மையில் 176.67. கேக் வேகிவிடும். பதிவேட்டுக்கு வேண்டாம். எதிர்ப்பக்கம் மாற்றும்போது 1.8 என்று போடலாம். 9/5 துல்லியமாக 1.8 தான்.

98.6 போட்டால் 209.48, அல்லது 2.78

209.48 என்றால் செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட்டுக்குப் போகும் ஃபார்முலாவைப் போட்டிருக்கிறீர்கள். 2.78 என்றால் இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள்: 98.6 முதலில் 37 ஆகி, அந்த 37 மறுபடி 2.78 ஆகியிருக்கிறது. மாற்றிய எண்களை மூல எண்களின் மேலேயே ஒட்டிவிட்டு, அடுத்த ஆள் வந்து திரும்பவும் மாற்றினால் இப்படி ஆகும். சில்லர் பதிவில் 2.78 என்பது அருமையான எண்ணாகத் தெரியும். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதனால் மூல எண் இருக்கும் நெடுவரிசையைத் தொடவே கூடாது. மாற்றிய எண்ணுக்குப் பக்கத்தில் தனி நெடுவரிசை வையுங்கள். தலைப்பில் அலகையும் எழுதுங்கள்.

கீழே கீழே எல்லாம் -17.78

இதை நிதானமாகப் படியுங்கள்.

கட்டம் காலியாக இருந்தால் விரிதாள் அதைக் கணக்கில் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட் என்பது -17.78 டிகிரி செல்சியஸ். ஆக, ஃபார்முலாவை 500 வரிசைக்கு இழுத்துவிட்டால், யாரும் எதுவும் பதியாத வரிசைகளிலும் -17.78 வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் மாற்றினால் காலிக் கட்டத்துக்கு 32 வரும். கெல்வினிலிருந்து செல்சியஸுக்கு என்றால் -273.15.

காய்ச்சல் பதிவில் -17.78 வந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஃப்ரீசர் பதிவில்? உறைந்த உணவுக்கு -18 என்பது உலகமெங்கும் பழகிய எண். -17.78-ஐப் பார்த்தால் "ஃப்ரீசர் நன்றாக வேலை செய்கிறது" என்றுதான் தோன்றும். தசம இடங்களைக் குறைத்துவிட்டால் -18 என்றே காட்டும்.

எங்கள் பதிவில் இது பல மாதம் ஒளிந்திருந்தது. கண்டுபிடித்தவர் காலையில் அளவு எடுக்கும் அண்ணன். அச்செடுத்த தாளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு தேதியில் விரலை வைத்து, "தம்பி, தீபாவளிக்குக் கூடமே பூட்டிக் கிடந்துச்சே, அன்னிக்குக் காலையிலயும் சாயங்காலமும் யார் போய்ப் பார்த்தா?" என்று கேட்டார். யாருமே பார்க்கவில்லை. காலிக் கட்டம் தானாகவே ஒரு நல்ல அளவைப் பதிந்து வைத்திருந்தது. உணவு கெட்டுப்போயிருந்தாலும் அந்தத் தாள் "எல்லாம் சரி" என்றுதான் சொல்லியிருக்கும். அன்றைக்கே உட்கார்ந்து எல்லா மாதத்தையும் திருத்தினேன்.

தீர்வு: எண் இருந்தால் மட்டும் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

=இஃப்(ஈஸ்நம்பர்(ஏ2),(ஏ2-32)*5/9,"")

ஏ2 காலியா என்று பார்ப்பதைவிட, அதில் எண் இருக்கிறதா என்று பார்ப்பதே நல்லது. யாராவது "பழுது" என்றோ "விடுமுறை" என்றோ எழுதியிருந்தாலும் ஃபார்முலா அமைதியாக இருக்கும். உண்மையிலேயே பூஜ்யம் டிகிரி என்று பதிந்திருந்தால் அதற்கு -17.78 வரும், அது சரியான விடைதான்.

அதைச் சரிசெய்ததும் காலி வரிசை எல்லாம் "அதிகம்" என்று கத்துகிறது

மேலே சொன்ன திருத்தத்துக்குப் பிறகு வரும் கோளாறு இது. பக்கத்துக் கட்டத்தில் =இஃப்(பி2>-18,"அதிகம்","சரி") என்று ஒரு எச்சரிக்கை வைத்திருப்பீர்கள். பி2-இல் இப்போது இருப்பது வெற்று எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செல் எழுத்தைத்தான் எப்போதும் பெரியது என்று சொல்லும். அதனால் காலி வரிசை எல்லாம் வரம்பைத் தாண்டியதாகக் காட்டுகிறது. எச்சரிக்கைக்கும் அதே காவல் போடுங்கள்:

=இஃப்(ஈஸ்நம்பர்(பி2),இஃப்(பி2>-18,"அதிகம்","சரி"),"பதியவில்லை")

"பதியவில்லை" என்ற சொல் தாளில் கண்ணில் பட வேண்டும். காலியாக விடாதீர்கள்.

ஃப்ரீசரைப் பூஜ்யத்தில் வைத்தும் தினமும் சிவப்பு

ஃபார்முலாவில் தவறில்லை. பூஜ்யம் ஃபாரன்ஹீட் என்பது -17.78, அது -18-ஐவிடச் சற்று வெப்பம். வரம்பு -18 என்றால் சிவப்பு வரத்தான் செய்யும். "-18 என்று வட்டமாக்கிவிடு" என்று சிலர் சொல்வார்கள். என் கருத்தில் அது வேண்டாம். வரம்பைத் தளர்த்துவதைவிட ஃப்ரீசரின் திருகை ஒரு டிகிரி குறைப்பது நேர்மையான வழி. -1 ஃபாரன்ஹீட் என்பது -18.33. நாங்கள் இப்போது -4-இல் வைத்திருக்கிறோம், அது சரியாக -20.

சமைத்த உணவுக்கு இந்தத் தொல்லை இல்லை. சிங்கப்பூரில் நாம் சொல்லும் ஆபத்து எல்லை 5 டிகிரி முதல் 60 டிகிரி வரை. ஃபாரன்ஹீட்டில் அது துல்லியமாக 41 முதல் 140.

#வேல்யூ! என்று வருகிறது, அல்லது எண்கள் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன

கட்டத்தில் இருப்பது எண் போலத் தெரிந்தாலும் விரிதாளுக்கு அது எழுத்து. யாரோ 98.6°எஃப் என்று அலகோடு தட்டியிருக்கிறார்கள். அல்லது இணையத்திலிருந்து ஒட்டியதில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று கூடவே வந்திருக்கிறது. எண் வலப்பக்கம் ஒதுங்கும், எழுத்து இடப்பக்கம் ஒதுங்கும். சந்தேகம் வந்தால் நெடுவரிசையை அகலமாக்கிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். சராசரியை நம்பாதீர்கள்: சராசரி போடும்போது விரிதாள் எழுத்துக் கட்டங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழையும் காட்டாது.

கண்டுபிடித்து மாற்று வசதியில் (கன்ட்ரோல் விசையோடு எச்) அலகுக் குறியைத் தேடி, அதற்குப் பதிலாக ஒன்றுமே இல்லாமல் மாற்றுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. டிகிரிக் குறி போலவே தோற்றமளிக்கும் வேறு குறிகள் இருக்கின்றன; ஸ்பானிய மொழியில் எண் வரிசைக்குப் போடும் சின்ன வட்டம் ஒன்று அப்படியே டிகிரி போல இருக்கும். நீங்கள் தட்டிய குறி ஒன்று, கட்டத்தில் இருப்பது வேறொன்று என்றால் "எதுவும் கிடைக்கவில்லை" என்று வரும். தட்டாதீர்கள், கட்டத்துக்குள் போய் அந்தக் குறியையே நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக்கும் இதே வைத்தியம். ட்ரிம் சார்பு அந்த வகை இடைவெளியை நீக்காது.

மாற்றிய பிறகும் எழுத்தாகவே இருந்தால், கட்டத்தின் வடிவம் 'டெக்ஸ்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஜெனரல்' ஆக்கிவிட்டு மறுபடி மாற்றுங்கள். இன்னொன்று, ஒரே நெடுவரிசையில் இரண்டு அலகும் கலந்திருந்தால் அலகுக் குறியை நீக்குவதற்கு முன்பே அதைத் தனி நெடுவரிசைக்கு எடுத்துவிடுங்கள்: =ரைட்(ஏ2,1). நீக்கிய பிறகு எது எந்த அலகு என்று யாராலும் சொல்ல முடியாது.

இனிமேல் அலகு தெரிய வேண்டும், ஆனால் எண்ணாகவும் இருக்க வேண்டும் என்றால் கஸ்டம் வடிவத்தில் 0.0"°சி" என்று கொடுங்கள். கட்டத்தில் எண் மட்டுமே இருக்கும். அலகு தோற்றத்துக்கு மட்டும். விண்டோஸில் டிகிரிக் குறிக்கு ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 0176. இந்த வடிவம் எதையும் மாற்றித் தராது என்பதையும் மறக்காதீர்கள்: 98.6-க்கு இந்த வடிவத்தைக் கொடுத்தால் 98.6°சி என்றே காட்டும்.

கன்வர்ட் சார்பில் #என்/ஏ

=கன்வர்ட்(ஏ2,"எஃப்","சி") என்று ஒரு தயார் சார்பு இருக்கிறது. அலகுகளைப் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். சிறிய எழுத்தில் தட்டினால் #என்/ஏ. கெல்வினுக்கும் பெரிய எழுத்துக் கே. #நேம்? என்று வந்தால் பெரும்பாலும் மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கும், அல்லது வாட்ஸ்அப்பில் வந்த ஃபார்முலாவை ஒட்டியதில் மேற்கோள் குறிகள் வளைந்திருக்கும். அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். காலிக் கட்டத்துக்கு -17.78 தருவதில் இந்தச் சார்பும் விதிவிலக்கல்ல.

5 டிகிரி உயர்வு வர வேண்டிய இடத்தில் -12.78

பனி உருகும் நேரத்தில் எங்கள் ஃப்ரீசர் 9 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறி இறங்கும். அந்த 9-ஐ வழக்கமான ஃபார்முலாவில் போட்டால் -12.78 வரும். சரியான விடை 5.

வெப்பநிலை வேறு, வெப்பநிலை வித்தியாசம் வேறு. 32-ஐக் கழிப்பது எதற்கு? இரண்டு அளவுகோல்களும் வெவ்வேறு இடத்தில் பூஜ்யத்தை வைத்திருப்பதால். இரண்டு வெப்பநிலைகளைக் கழித்து வித்தியாசம் எடுக்கும்போதே அந்த 32 இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடுகிறது. திரும்ப ஒரு முறை கழித்தால் தவறு. வித்தியாசத்துக்கு 5/9-ஆல் பெருக்கினால் போதும்: =டி2*5/9. அல்லது இரண்டு அளவையும் முதலில் செல்சியஸுக்கு மாற்றிவிட்டு அப்புறம் கழியுங்கள். நான் இப்படித்தான் செய்கிறேன், குழப்பமே வராது. கன்வர்ட் சார்புக்கு வித்தியாசம் என்றால் என்னவென்று தெரியாது, அதுவும் -12.78 என்றே சொல்லும்.

தெர்மாமீட்டர் கையேட்டில் "கூடக்குறைய 2 டிகிரி ஃபாரன்ஹீட்" என்று போட்டிருப்பதும் வித்தியாசம்தான். அது 1.1 டிகிரி செல்சியஸ். சராசரி அப்படியில்லை: ஃபாரன்ஹீட்டில் சராசரி எடுத்து முழு ஃபார்முலாவில் மாற்றினாலும், மாற்றிவிட்டுச் சராசரி எடுத்தாலும் ஒரே விடை.

25,000 டிகிரி

சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 டிகிரிதான். 25,000 என்று வந்தால் அது தேதி. முள் 3-க்கும் 5-க்கும் நடுவில் ஆடியதால் அண்ணன் 3-5 என்று தட்டியிருந்தார். சிங்கப்பூர் அமைப்பில் விரிதாள் அதை மே 3 என்று புரிந்துகொண்டது. அமெரிக்க அமைப்பில் இருந்தால் மார்ச் 5 ஆகியிருக்கும். தேதிகளை விரிதாள் உள்ளே நாள் எண்ணிக்கையாக வைத்திருக்கிறது. 2025 மே 3 என்றால் 45780. அதை மாற்றினால் 25,415.56.

வடிவத்தை மாற்றினால் 3-5 திரும்பி வராது, 45780 தான் தெரியும். தேதியைப் பார்த்துக் கையால் திருத்துங்கள். குறைந்தது, கூடியது என்று இரண்டு நெடுவரிசை வைத்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

எல்லா வரிசையிலும் ஒரே விடை

ஃபார்முலாவில் டாலர் குறியோடு கட்டத்தைப் பூட்டியிருக்கிறீர்கள்; $ஏ$2 என்பதை ஏ2 ஆக்குங்கள். அதுவும் இல்லையென்றால் கணக்கிடும் முறை 'மேனுவல்' ஆகியிருக்கும். எஃப்9 அழுத்திப் பாருங்கள். விடைக்குப் பதிலாக ஃபார்முலாவே தெரிந்தால் கட்டம் 'டெக்ஸ்ட்' வடிவத்தில் இருக்கிறது. 'ஜெனரல்' ஆக்கி, கட்டத்துக்குள் போய் என்டர் தட்டுங்கள்.

38 என்று காட்டுகிறது, காய்ச்சல் எச்சரிக்கை மட்டும் வரவில்லை

100.3 ஃபாரன்ஹீட் என்பது 37.94. தசம இடம் இல்லாமல் காட்டச் சொன்னால் திரையில் 38 தெரியும். உள்ளே இருப்பது 37.94 தான். 38-உம் அதற்கு மேலும் என்று வைத்த எச்சரிக்கை அசையாது. தசமக் கணக்கில் கடைசி இலக்கங்களில் வரும் மிகச் சிறிய பிசிறும் எல்லைக் கோட்டில் காலை வாரலாம். தெர்மாமீட்டர் ஒரு தசம இடம்தான் காட்டும் என்பதால் நானும் ஒரு இடத்துக்கு வட்டமாக்குகிறேன்: =ரவுண்ட்((ஏ2-32)*5/9,1). அப்போது 100.3 என்பது 37.9, 100.4 என்பது 38. திரையில் தெரிவதும் எச்சரிக்கை பார்ப்பதும் ஒரே எண்.

37.2, 99, 38.1, 100.6: ஒரே நெடுவரிசையில் இரண்டு அலகு

இது வீட்டுக் கதை. அம்மாவின் கைப்பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஒன்று, இங்கே மருந்தகத்தில் நான் வாங்கியது ஒன்று. பகலில் அம்மா தானே எடுத்து எழுதுவார், இரவில் நான் எடுப்பேன். மூன்று நாளில் பதிவு இப்படிக் கலந்துவிட்டது.

உடல் வெப்பத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மனித உடல் செல்சியஸில் 35-இலிருந்து 42 வரை, ஃபாரன்ஹீட்டில் 95-இலிருந்து 108 வரை. இரண்டும் எங்குமே மோதுவதில்லை. அதனால் =இஃப்(ஏ2>60,(ஏ2-32)*5/9,ஏ2) என்று போட்டால் பழைய பதிவு சரியாகிவிடும். காலிக் கட்டத்துக்கான காவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சமையற்கூடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஃப்ரீசர் பதிவில் -4 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட்டாக இருந்தால் -20, எல்லாம் நலம். செல்சியஸாக இருந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் உடனே பார்க்க வேண்டும். எண்ணைப் பார்த்து ஊகிக்க வழியே இல்லை. அங்கே பி நெடுவரிசையில் அலகுக்கு ஒரு பட்டியல் வையுங்கள் (டேட்டா வேலிடேஷன்), எஃப் அல்லது சி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்படி. மாற்றிய எண் அப்போது சி நெடுவரிசைக்குப் போகும், மேலே சொன்ன எச்சரிக்கையிலும் பி2-ஐ சி2 ஆக்குங்கள். ஃபார்முலா:

=இஃப்(ஈஸ்நம்பர்(ஏ2),இஃப்(பி2="எஃப்",(ஏ2-32)*5/9,இஃப்(பி2="சி",ஏ2,"அலகு?")),"")

அலகு இல்லாத வரிசையில் "அலகு?" என்று நிற்கும். எங்கள் பழைய தாளில் அப்படி மூன்று வரிசை நின்றன. அண்ணனிடம் கேட்டேன், இரண்டு அவர் எழுதியவை, ஃப்ரீசர் முகப்பைப் பார்த்தது என்று உறுதியாகச் சொன்னார். மூன்றாவதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த வரிசையை அப்படியே விட்டிருக்கிறேன்.

வீட்டுத் தாளிலும் இப்போது அந்தப் பட்டியல் இருக்கிறது. அம்மா எண்ணைச் சொல்வார், நான் "எந்தத் தெர்மாமீட்டர்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டுகிறேன்.